இருபதுக்குப் பத்தொன்பது: செயல்திட்ட மதிப்பெண் எதை அளக்கிறது?

பருவத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வீட்டுக்கு வருகிறது. ஏழாம் வகுப்பு, அறிவியல் பாடம். வளரறி மதிப்பீடு (அ) என்ற கட்டத்தில் 20-க்கு 19. தொகுத்தறி மதிப்பீடு என்ற கட்டத்தில் 60-க்கு 24. ஒரே பிள்ளை, ஒரே பாடம், ஒரே பருவம். செயல்பாடுகளில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கியவள் எழுத்துத் தேர்வில் பாதியைக்கூட எட்டவில்லை. பெற்றோர் குழம்புவது நியாயம்தான். முதல் எண் சும்மா போட்டதா? இல்லை, இரண்டாவது எண் பிள்ளைக்குத் தெரிந்ததைக் காட்டத் தவறிவிட்டதா?

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. எது உண்மை என்று சொல்ல, அந்த 19 எதைப் பார்த்துப் போடப்பட்டது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது தெரிவதில்லை. பல பள்ளிகளில் மதிப்பெண் போட்டவரிடம்கூட அதற்குத் தெளிவான பதில் இருப்பதில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சொற்கள்

மதிப்பீடு என்றாலே தேர்வு என்று நமக்குப் பழகிவிட்டது. தேர்வு அதில் ஒரு வகைதான். பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் திரட்டி, அந்த ஆதாரத்தை வைத்து ஒரு முடிவுக்கு வருவதுதான் மதிப்பீடு. ஆதாரம் விடைத்தாளாக இருக்கலாம். வாயால் சொன்ன பதில், வரைந்த படம், கையால் செய்த பொருள், நோட்டின் ஓரத்தில் அடித்துத் திருத்திய கணக்கு என எதுவாகவும் இருக்கலாம்.

பாடநூல்களும் அரசாணைகளும் பயன்படுத்தும் இரண்டு சொற்கள் தங்கள் பொருளைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. வளரும்போதே அறிவது வளரறி மதிப்பீடு. எல்லாம் முடிந்தபின் தொகுத்துப் பார்த்து அறிவது தொகுத்தறி மதிப்பீடு. பயிர் வயலில் நிற்கும்போது இலை பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வகை. அறுவடை முடிந்து களத்தில் மூட்டை எண்ணுவது இரண்டாம் வகை. மூட்டை எண்ணும்போது தெரிகிற குறைக்கு அந்தப் போகத்தில் மருந்து கிடையாது. இலையைப் பார்க்கும்போது தெரிந்தால் உரம் வைக்கலாம், தண்ணீர் கட்டலாம். இந்தப் பிரிவினையை 1967-இல் மைக்கேல் ஸ்க்ரைவன் என்ற அறிஞர் கல்வித் திட்டங்களை மதிப்பிடுவதற்காக முன்வைத்தார். அதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் புளூம்.

செயல்திட்டம் என்பது ஒரு கேள்வியையோ சிக்கலையோ எடுத்துக்கொண்டு, சில நாட்கள் உழைத்து, ஒரு விடையையோ பொருளையோ உருவாக்குவது. சார்ட் ஒட்டுவதும் தெர்மாகோல் மாடல் செய்வதும் இதற்குள் வரலாம், வராமலும் போகலாம். அவற்றுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருந்ததா என்பதைப் பொறுத்தது அது.

இந்த முறை எப்படி வந்தது

செய்து கற்பது புதிய சரக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1918-இல் வில்லியம் கில்பாட்ரிக் செயல்திட்ட முறையை ஒரு கற்பித்தல் முறையாக எழுதிவைத்தார். 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தான் நடுநாயகம். நூற்பு வழியாகவே கணக்கும் வரலாறும் படிக்க வேண்டும் என்றார் அவர்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08 வாக்கில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி உருவாக்கிய அட்டை முறையிலிருந்து கிளைத்தது அது. பாடத்தைச் சிறு சிறு படிகளாக அடுக்கிய கற்றல் ஏணியில் மதிப்பீட்டுக்கென்றும் ஒரு அட்டை இருக்கும். பிள்ளை தன் வேகத்தில் ஏறிவந்து அந்த அட்டையைச் செய்துவிட்டு அடுத்த படிக்குப் போகும். தேர்வு நாள் என்று தனியாக ஒன்றை வைத்து மிரட்டாமல் மதிப்பீட்டைக் கற்றலுக்குள்ளேயே வைத்த நல்ல யோசனை அது.

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தன் 29-ஆம் பிரிவில் முழுமையான தொடர் மதிப்பீட்டைக் கேட்டது. பிள்ளை அறிவைப் புரிந்துகொண்டதையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாடு 2012-13-இல் முப்பருவ முறையோடு இதை எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. ஒரு பருவத்தின் 100 மதிப்பெண் மூன்றாகப் பிரிந்தது. செயல்பாடுகளுக்கு 20, இடையிடையே நடக்கும் சிறு எழுத்துத் தேர்வுகளுக்கு 20, பருவ இறுதித் தேர்வுக்கு 60. ரேங்க் கார்டில் வரும் (அ), (ஆ) இவைதான்.

சி.பி.எஸ்.இ. இதே மாதிரி முறையை 2009-10-இல் எடுத்துக்கொண்டு, 2017-18-இல் கைவிட்டு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. ஆனாலும் அங்கே 20 மதிப்பெண் பள்ளியின் கையில் இருக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் முன்னேற்ற அறிக்கையில் செயல்திட்டம், குழு வேலை, நடிப்பு, மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுவது எல்லாம் இடம்பெற வேண்டும் என்கிறது. ஆக, எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும் இந்த 20 பிள்ளையை விட்டுப் போகப்போவதில்லை. அதனால்தான் அதைச் சரியாகப் போடுவது முக்கியமாகிறது.

எரிமலை மாடல் எதைக் காட்டுகிறது?

எந்த மதிப்பீட்டிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா? பி.எட். பாடத்தில் இதற்கு ஏற்புடைமை என்று பெயர்.

பள்ளிக் கண்காட்சிகளில் நெடுங்காலமாக நிற்கும் எரிமலை மாடலை எடுத்துக்கொள்வோம். களிமண்ணால் மலை, உச்சியில் குழி, குழிக்குள் சமையல் சோடா, அதன்மேல் சிவப்பு நிறம் கலந்த வினிகர். நுரை பொங்கி வழியும்போது கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். இங்கே நடந்தது அமிலமும் காரமும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியான வேதிவினை. நிஜ எரிமலையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு, அதில் கரைந்திருக்கும் வாயுக்களின் அழுத்தத்தால் மேலே வருகிறது. நிலவியல் பாடத்துக்கு இந்த மாடலை வைத்து 10-க்கு 10 போட்டால், அந்தப் பத்து எரிமலையைப் பற்றிய அறிவுக்குக் கிடைத்தது இல்லை. அமில-கார வினைக்குப் போட்டிருந்தால் பொருந்தியிருக்கும். அதற்கும், "வினிகரை இரண்டு பங்காக்கினால் நுரையும் இரண்டு பங்காகுமா?" என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

தெர்மாகோலில் செய்த தாவரச் செல்லும் இதே கதைதான். நுண்ணுறுப்புகள் அளவான இடத்தில், வண்ண வண்ணமாக, தெளிவான எழுத்தில் பெயரோடு இருக்கும். பாடநூல் படத்தைப் பார்த்து ஒட்டினாலே இதைச் செய்துவிட முடியும். செல்சுவரும் செல்சவ்வும் ஏன் இரண்டு தனித்தனி உறுப்புகள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் செய்துவிட முடியும்.

இப்படிப்பட்ட வேலைகளுக்கு மதிப்பெண் போடும்போது, வெளியே சொல்லாமலே நாம் வேறு சிலவற்றை அளந்துவிடுகிறோம்:

1. வீட்டில் செலவு செய்யப் பணம் இருக்கிறதா. ஸ்டேஷனரி கடையில் ஆயத்த மாடல் கிடைக்கிறது. காசு இருந்தால் போதும்.
2. மாலையில் உட்கார்ந்து உதவ, படித்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா.
3. கையெழுத்து அழகாக இருக்கிறதா, கத்தரிக்கோல் நேராக வெட்டுகிறதா.

மூன்றாவதில் ஓரளவு திறமை இருக்கிறது. ஓவிய வகுப்பில் அதற்கு இடமும் இருக்கிறது. முதல் இரண்டும் பிள்ளையின் கற்றலோடு சம்பந்தமே இல்லாதவை. கூலி வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் தாயின் மகளுக்கு 6-ம், கடையில் வாங்கிக் கொண்டுவந்த பையனுக்கு 10-ம் கிடைக்கிற வகுப்பில், எழுத்துத் தேர்வில்கூட இல்லாத அநியாயம் நடக்கிறது. எழுத்துத் தேர்வில் பிள்ளைக்குப் பதிலாக அப்பா வந்து உட்கார முடியாது.

ஐஸ்கட்டியும் கம்பளியும்

சரி, நன்றாக நடத்தினால் எப்படி இருக்கும்? ஒரு செயல்பாட்டைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். வெப்பம் பற்றிய பாடம். கேள்வி இதுதான்: ஐஸ்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் சீக்கிரம் உருகுமா, தாமதமாக உருகுமா?

பிள்ளைகளில் பலர் சீக்கிரம் உருகும் என்பார்கள். கம்பளி சூடு தரும் என்பது அவர்களது அனுபவம். உண்மையில் கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, வெப்பம் கடந்து போவதைத் தடுக்கிறது. நம் உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுப்பதுபோலவே, வெளிச்சூடு ஐஸை அடையாமலும் தடுக்கிறது. இந்தத் தவறான எண்ணம் பிள்ளைகளிடம் பரவலாக இருப்பது அறிவியல் கற்பித்தலில் நன்கு அறியப்பட்ட விஷயம். "வெப்பக் கடத்தாப் பொருள் என்றால் என்ன?" என்று தேர்வில் கேட்டால் மனப்பாடமாகச் சரியாக எழுதிவிட்டு, அந்த எண்ணத்தோடேயே ஒரு பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போய்விடும். அதனால்தான் இந்தக் கேள்விக்கு மதிப்பு.

தேவையானது ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸ்கட்டிகள், ஆறு கிண்ணம், பழைய கம்பளித் துணி, செய்தித்தாள், தேங்காய் நார், அலுமினியத் தாள், ஒரு தெர்மாகோல் துண்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச். ஒரு கட்டியை எதிலும் சுற்றாமல் அப்படியே வைக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் தேங்கிய தண்ணீரை சிரிஞ்சால் உறிஞ்சி எத்தனை மில்லி என்று எழுத வேண்டும்.

ஒரு குழு சந்தோஷமாக முடிவை அறிவிக்கிறது.

"துணி சுத்துன கிண்ணத்துலதான் டீச்சர் தண்ணியே இல்ல. துணிதான் பெஸ்ட்."

"துணியைத் தொட்டுப் பாரும்மா."

"ஈரமா இருக்கு."

"அப்போ அந்தத் தண்ணிய எதுல எழுதினீங்க?"

குழுவில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒருத்தி துணியைப் பிழிகிறாள். இன்னொருத்தன், செய்தித்தாளும் நாரும்கூட உறிஞ்சியிருக்கும் என்கிறான். கடைசியில், "முதல்லயே ஐஸை பாலித்தீன் பையில போட்டுக் கட்டிட்டு, அப்புறம் சுத்தணும் டீச்சர். அப்பதான் எல்லாத் தண்ணியும் பைக்குள்ளயே நிக்கும்" என்று வருகிறது.

மதிப்பிட வேண்டிய இடம் இதுதான். முதல் முறை எடுத்த அளவுகள் எல்லாம் வீண். கண்காட்சியில் வைக்க ஒரு பொருளும் இல்லை. நனைந்த துணியும் கசங்கிய பேப்பரும்தான் மிச்சம். ஆனால் இந்த ஐந்து நிமிடத்தில் அந்தக் குழு, ஒப்பிடும்போது மற்ற எல்லாவற்றையும் சமமாக வைக்க வேண்டும் என்பதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. பாடநூலின் ஒரு பத்தி தராத அறிவு அது. முடிந்த மாடலை மட்டும் பார்க்கிற ஆசிரியர் இதைப் பார்க்கவே மாட்டார்.

இதற்கு 10 மதிப்பெண் எப்படிப் போடலாம்? ஆசிரியர்கள் ரூப்ரிக் என்று சொல்லும் அளவுகோல் அட்டவணை இங்கே கைகொடுக்கும். எதற்கு எத்தனை மதிப்பெண், எந்த நிலையில் எத்தனை என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி, பிள்ளைகளிடமும் காட்டிவிடுவதுதான் அது.

1. கணிப்பு (2 மதிப்பெண்): எது மெதுவாக உருகும் என்று முன்கூட்டியே எழுதி, காரணமும் சொல்லியிருக்கிறதா? கணிப்பு தவறாகப் போனாலும் 2 உண்டு. காரணம் இல்லாத சரியான கணிப்புக்கு 1-தான்.
2. நியாயமான ஒப்பீடு (3): கட்டிகள் ஒரே அளவா, ஒரே இடத்தில் ஒரே நேரம் வைத்தார்களா என்று யோசிக்கவே இல்லையென்றால் 1. ஆசிரியர் கேட்டபின் சரிசெய்தால் 2. தானாகக் கவனித்துச் சரிசெய்தால் 3.
3. பதிவு (2): அளவுகள் அலகோடு, அட்டவணையில் இருக்கின்றனவா? பிழையான முதல் அளவுகளை அழித்துவிடாமல், பக்கத்தில் ஏன் பிழை என்று எழுதியிருக்கிறார்களா?
4. விளக்கம் (3): முடிவை வெப்பம் கடத்தும் விதத்தோடு சேர்த்துச் சொல்ல முடிகிறதா? இதே யோசனையைப் புதிய இடத்தில் பொருத்த முடிகிறதா?

அழகுக்கு மதிப்பெண் இல்லை. பூஜ்யம். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்; கிளிட்டர் பேனாவுக்காக வீட்டில் அழுவது அன்றோடு நிற்கும்.

நான்காவதற்கு, கேட்க ஒரு நல்ல கேள்வி மெரினா கடற்கரையிலேயே நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியிருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842-இல் ஐஸ் சேமிக்கக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் வெட்டிய ஐஸ், மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து சென்னைக்கு வந்தது. மின்சாரமோ குளிர்பதனப் பெட்டியோ இல்லாத காலத்தில் அது எப்படி உருகாமல் வந்தது? மரத்தூளுக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். "மரத்தூள் ஏன்? இரும்புப் பெட்டியில் ஏன் வைக்கவில்லை?" என்று கேட்டு ஒரு பிள்ளையை இரண்டு நிமிடம் பேசவிட்டால், பாடம் அவளுக்குள் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மீன் மார்க்கெட்டில் ஐஸ்பாரைச் சாக்குப் போட்டு மூடிவைப்பதை அவளாகவே இழுத்துவந்தால், யோசிக்காமல் முழு மதிப்பெண் போடலாம்.

கலைப் படைப்புக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

அறிவியலுக்குச் சரி, மொழிப் பாடத்தில் ஒரு கதையை வில்லுப்பாட்டாக்கச் சொன்னால் எதைப் பார்ப்பது? குரல் நல்ல பிள்ளைக்கே மதிப்பெண் போய்விடும் என்ற பயம் நியாயமானது.

படைப்பில் பார்க்க வேண்டியது பிள்ளை செய்த தேர்வுகளை. பத்துப் பக்கக் கதையில் எந்த மூன்று காட்சிகளை வைத்துக்கொண்டாள், எதை விட்டாள், ஏன்? பாட்டாக எதைச் சொன்னாள், இடையில் "ஆமா" போடுபவரோடு உரையாடலாக எதை வைத்தாள்? முக்கியமான திருப்பத்தை விட்டுவிட்டு வேடிக்கையான காட்சிகளை மட்டும் வைத்திருந்தால் கதை அவளுக்குப் பிடிபடவில்லை என்று பொருள். குரல் கரகரத்தாலும் தேர்வு சரியாக இருந்தால் வாசிப்புக்கான மதிப்பெண் முழுதாக வர வேண்டும். இதற்காக ஒரு பக்கக் குறிப்பு போதும்: "நான் விட்ட காட்சி எது, ஏன் விட்டேன்." எழுதத் திணறும் பிள்ளை அதை வாயால் சொல்லலாம்.

இரண்டு ஆசிரியர் பார்த்தால் ஒரே மதிப்பெண் வருமா?

இது நம்பகத்தன்மை பற்றிய கேள்வி. செயல்திட்டங்களின் பலவீனமான இடம் இதுதான் என்பதை மறைப்பதில் பயனில்லை.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990-களின் தொடக்கத்தில் 4, 8-ஆம் வகுப்புகளுக்குக் கணிதத்திலும் எழுத்திலும் மாணவர்களின் படைப்புக் கோப்புகளை மாநில அளவில் மதிப்பிட்டது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஒரே கோப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்கள் ஒத்துப்போனது மிகக் குறைவு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கூடியபோது, குறிப்பாகக் கணிதத்தில், ஒப்புமை கூடியது. இங்கிலாந்தில் பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜி.சி.எஸ்.இ. 1988-இல் முதன்முதலாக நடந்தது; அந்த முறையில், வீட்டிலும் வகுப்பிலும் செய்யும் பாடப்பணிக்குக் கணிசமான இடம் இருந்தது. பெற்றோர் உதவி, இணையத்திலிருந்து எடுத்து எழுதுவது போன்ற புகார்கள் பெருகவே, 2009 முதல் அது ஆசிரியர் கண்ணெதிரில் வகுப்பறையிலேயே செய்யும் வேலையாக மாறியது. 2015-க்குப் பின் வந்த சீர்திருத்தத்தில் அதுவும் பெரும்பாலான பாடங்களில் போய், எழுத்துத் தேர்வே மிஞ்சியது. மதிப்பெண்ணின் மேல் நம்பிக்கை போனால் நல்ல முறையும் கூடவே போய்விடும் என்பதற்கு இங்கிலாந்து கண்முன் இருக்கும் சாட்சி.

அதற்காக எழுத்துத் தேர்வு தராசுபோலத் துல்லியமானது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1913-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வடிவியல் விடைத்தாளின் நகலை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு 28-இலிருந்து 90-க்கு மேல் வரை மதிப்பெண் வந்தது. அதுவும் கணக்குப் பாடத்தில்! எழுத்துத் தேர்வுக்கு விடைக்குறிப்பு, தலைமைத் தேர்வர், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வரிசையாகக் காவல் போட்டு நம்பகத்தன்மையைக் கூட்டியிருக்கிறோம். செயல்திட்டத்துக்கு அந்தக் காவலில் பத்தில் ஒரு பங்குகூடப் போடவில்லை.

செய்யக்கூடியது எளிது. ஒரே வகுப்பு எடுக்கும் நான்கைந்து ஆசிரியர்கள் வட்டார அளவிலான கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு மாணவர் நோட்டுகளைக் கொண்டுவந்து, பெயரை மறைத்து, ஒரே அட்டவணையை வைத்துத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 4, இன்னொருவர் 9 போட்ட நோட்டை நடுவில் வைத்துப் பேச வேண்டும். அந்தப் பேச்சில்தான் "நியாயமான ஒப்பீடு" என்ற வார்த்தைக்கு எல்லோர் மனதிலும் ஒரே பொருள் உருவாகும். அரை நாள் வேலை. பதிவேடு நிரப்பும் கூட்டங்களைவிட இது நூறு மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நாற்பது பிள்ளை, ஒரு ஆசிரியர்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டால் அந்தக் கேள்வியின் வலி புரியும். ஒரு வகுப்பில் 40 பேர். பருவத்துக்கு நான்கு செயல்பாடு என்று வைத்தால் 160 பதிவு. மூன்று பருவத்துக்கு 480. நான்கு பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பவருக்கு வருடத்துக்கு 1,920. இதை உண்மையாக ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத யாராலும் முடியாது. அதனால்தான் பருவக் கடைசியில் ஒரே மாலையில் 18, 19, 20 என்று மாற்றி மாற்றி நிரப்புவது நடக்கிறது. ஆசிரியரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. வேலையின் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

1. ஒரே நாளில் 40 பேரையும் பார்க்க வேண்டாம். நாளுக்கு எட்டுப் பேரை மட்டும் கூர்ந்து பார்த்தால் ஐந்து நாளில் வகுப்பு முடியும். மற்றவர்களும் வேலை செய்துகொண்டிருப்பார்கள், அன்று குறிப்பு எழுதுவது எட்டுப் பேருக்குத்தான்.
2. ஒரு செயல்பாட்டில் நான்கு அம்சங்களையும் பார்க்க வேண்டும் என்றில்லை. இந்த முறை கணிப்பும் பதிவும், அடுத்த முறை ஒப்பீடும் விளக்கமும் என்று பிரிக்கலாம்.
3. வேலை முழுவதும் பள்ளி நேரத்திலேயே, பள்ளி தரும் பொருட்களிலேயே நடக்க வேண்டும். வீட்டுக்குப் போகவே கூடாது. யார் செய்தது என்ற சந்தேகமும் செலவும் ஒரே அடியில் ஒழியும்.
4. குழுவாகச் செய்தாலும் மதிப்பெண் தனித்தனியாக வர வேண்டும். குழுவிலிருந்து யாரையாவது எழுப்பி, "உங்கள் முதல் அளவு ஏன் தவறாகப் போனது?" என்று கேட்டால், யார் கையில் வேலை இருந்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று அரை நிமிடத்தில் தெரியும்.

எண்ணா, குறிப்பா?

வளரறி மதிப்பீட்டின் நோக்கமே திருத்திக்கொள்ள உதவுவது. எண் அதைச் செய்வதில்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவு மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் கருத்துக் குறிப்பு மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகவில்லை என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

குறிப்பு என்றால் "நன்று", "இன்னும் முயற்சி செய்" என்பதில்லை. "தண்ணீர் துணிக்குள் போனதைக் கண்டுபிடித்தது அருமை. அடுத்த முறை கட்டிகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று தொடங்கும் முன்பே எடை போட்டுப் பார்." இதைப் படிக்கும் பிள்ளைக்கு நாளை காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எண்ணை ரேங்க் கார்டுக்கு வைத்துக்கொண்டு, நோட்டில் குறிப்பை மட்டும் எழுதலாம். விதி எதுவும் அதைத் தடுக்கவில்லை.

எல்லோருக்கும் 19 போட்டால் யாருக்கு நஷ்டம்?

தாராளமாகப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும். முதல் நஷ்டம், செய்து கற்பதில் கெட்டிக்காரியான பிள்ளைக்குத்தான். எழுத்தில் திணறினாலும் துணி உறிஞ்சியதைக் கண்டுபிடித்தவள் அவள். கடையில் வாங்கிவந்த மாடலுக்கும் 19, அவளுக்கும் 19 என்றால், அவளது திறமை கார்டில் எங்குமே பதிவாகவில்லை. எழுதுவதில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது. தங்களுக்குத் தெரிந்ததைக் காட்ட அவர்களுக்கு இருந்த ஒரே வாசல் இதுதான்.

அடுத்து, எல்லோரும் ஒரே எண்ணில் நிற்கும்போது அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பெற்றோர், கல்வி அலுவலர், அடுத்த வகுப்பு ஆசிரியர் எல்லோர் கண்ணும் 60-க்கு எத்தனை என்பதற்கே போகிறது. முழுமையான தொடர் மதிப்பீடு காகிதத்தில் இருக்கும். நடப்பதென்னவோ பழைய பருவத் தேர்வுதான்.

அந்த ரேங்க் கார்டைப் படிப்பது எப்படி

19-ம் 24-ம் உள்ள கார்டுக்குத் திரும்புவோம். கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் ஆசிரியரிடம் மூன்றே மூன்று கேட்கலாம்: என்ன செயல்பாடு செய்தார்கள், எதைப் பார்த்து மதிப்பெண் போட்டீர்கள், என் பிள்ளை அதில் என்ன பிழை செய்து எப்படித் திருத்தினாள். மூன்றாவதற்குப் பதில் கிடைத்தால் அந்த 19 உண்மையானது. கிடைக்கவில்லையென்றால் அந்த எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, நேராகப் பிள்ளையிடமே பேசலாம்.

செய்ததை அவளால் வாயால் விளக்க முடியவில்லை என்றால், கை வேலை நடந்திருக்கிறது, கருத்து போய்ச் சேரவில்லை. அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். வாயால் கடகடவென்று விளக்குகிறாள், தேர்வில் மட்டும் 24 என்றால், அவளுக்கு அறிவியல் தெரிகிறது, அதை எழுத்தாக்கத்தான் வரவில்லை. அதற்குக் கூடுதல் அறிவியல் டியூஷன் வேண்டாம். கம்பளி ஐஸை ஏன் உருகவிடவில்லை என்று அவள் சொன்னதை அப்படியே, அவள் வார்த்தையிலேயே, தினம் இரவு நான்கு வரி எழுதவைத்தால் போதும்.